சம்பந்தி வீட்டுக்கு ஒரு மணி நேரம்

எங்கள் பள்ளி பஸ் ஓட்டும் அக்கா, பஸ்ஸை ஒரு சுற்று சுற்றி வந்து, ஆறு டயர்களையும் காலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் ஏறுவார். பக்கவாட்டுக் கண்ணாடியைத் துடைப்பார், கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், கதவை மூடுவார். அப்போது மணி ஏழு இருபது. ஏழு இருபத்தொன்றுக்குத் தலைமையாசிரியரே ஓடி வந்தாலும் ஒரு கையசைப்புதான்.

"நான் ஒருத்தருக்காக நின்னா பதினாலு ஸ்டாப்ல பிள்ளைங்க எனக்காக நிக்கும், டீச்சர்" என்பார்.

இருபத்திரண்டு வருடமாகப் பள்ளி பஸ் ஓட்டுகிறார். பிள்ளைகள் வைத்த பெயர் 'கரெக்ட் டைம் அக்கா'. வயது ஐம்பத்து நான்கு ஆகியும் அக்கா அக்காவாகவே இருக்கிறார். நான் அந்தப் பள்ளியின் நூலகர். அவருக்குப் பின்னால் இருக்கும் முதல் இருக்கை என்னுடையது. எனவே அவர் வீட்டு விஷயமெல்லாம் எனக்கு அத்துப்படி.

பிள்ளைகள் இறங்கிய பிறகு, காலி பஸ்ஸில் நாங்கள் இருவரும் பிளாஸ்க் தேநீரைப் பகிர்ந்துகொள்வது வழக்கம். ஒரு மாதமாக அந்த நேரத்தில் அவர் மடியில் ஒரு கட்டம் போட்ட தாள் விரிகிறது. விடுமுறையில் நான்கு நாள் பயணம். ஜப்பானில் கோபே என்ற துறைமுக நகரம். மகன் அங்கேதான் வேலை பார்க்கிறான், அங்கேயே ஒரு பெண்ணைக் கல்யாணமும் செய்துகொண்டான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் நடந்த அந்தக் கல்யாணத்துக்கு இவர் போகவில்லை. "பஸ்ஸை யாரு ஓட்டுவா?" என்று காரணம் சொன்னார். மாற்று ஓட்டுநர் ஒருவர் சும்மா உட்கார்ந்திருந்தது பள்ளிக்கூடம் முழுக்கத் தெரியும். உண்மைக் காரணத்தை என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னார்: "அவன் எங்கிட்ட கேக்கல, டீச்சர். சொன்னான்."

இப்போது போகிறார். நூலகத்திலிருந்த பயணப் புத்தகத்தை மூன்று தடவை புதுப்பித்து எடுத்துவிட்டார். ஊர் அவருக்குப் பிடித்துப்போயிற்று. "ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல். தெரு தப்பினாலும் திசை தப்பாது. இப்படி இல்ல இருக்கணும் ஊருன்னா!" மூன்றாம் நாளுக்கு, ஒன்பது பத்துக்குத் துறைமுகம், பத்து இருபத்தைந்துக்குக் கோபுரம், பன்னிரண்டு ஐந்துக்கு மீன் காட்சியகம் என்று கூர்மையான பென்சிலில் எழுதிக்கொண்டே போகிறார். அதைப் பார்த்துவிட்டு அவர் வீட்டுக்காரர், "ஊரைச் சுத்திப் பாக்கப் போற மாதிரி தெரியல. ஊரையே ஏத்திட்டு வரப் போற மாதிரி இருக்கு" என்றாராம்.

அந்த நாளின் கீழ்க் கட்டத்தில்தான் என் கண் நின்றது. நாலிலிருந்து ஐந்து: சம்பந்தி வீடு.

"ஒரு மணி நேரம் போதுமா?" என்றேன்.

"அவங்க பேசறது எனக்குப் புரியாது, நான் பேசறது அவங்களுக்குப் புரியாது. ஒரு மணி நேரம் சிரிச்சிக்கிட்டே உக்காந்தா வாய் கோணிக்கும்."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பிளாஸ்க் மூடியை இறுக்கினார். அது ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது.

"கல்யாணத்துக்கு வராதவ மூஞ்சி எப்படி இருக்கும்னு பாக்க மாட்டாங்களா, டீச்சர்? நானா இருந்தா பாப்பேன்."

போன புதன்கிழமை ஓர் உறையைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். உள்ளே ஒரு வரைபடம். ரயில் நிலையத்திலிருந்து தன் வீடு வரைக்கும் சம்பந்தி தன் கையாலேயே வரைந்தது. கப்பல் பட்டறையில் இருந்து ஓய்வு பெற்றவராம்; கோடுகள் அளவெடுத்தது போல் இருந்தன. கோடுகளின் மேல் மருமகள் தமிழில் எழுதியிருந்தாள். இப்போதுதான் கற்றுக்கொள்கிறாள் போலும், ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகத் தள்ளாடி நின்றது. 'மேடு ஆரம்பம்.' 'படி 62, அப்பா எண்ணினார்.' மேட்டின் பாதியில் ஒரு சிறிய பெஞ்சு. பக்கத்தில், 'அத்தை, முட்டி வலி, இங்கே உட்காருங்கள். நாங்கள் இங்கே நிற்போம்.'

அக்காவுக்கு முட்டி வலி இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். கிளட்ச் மிதிக்கிற கால்.

"போன வருஷம் பையன்கிட்ட போன்ல ஒரே ஒரு தடவை சொன்னேன். இந்தப் பய காதுல வாங்கலன்னுதான் நெனச்சேன்" என்றார். "அந்த மனுஷன் எனக்காக ஏறி இறங்கி எண்ணியிருக்காரு, பாருங்க."

வரைபடத்தை ஸ்டியரிங் மேல் சாய்த்து வைத்துவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தேநீர் ஆறிவிட்டது. பிறகு கட்டத் தாளை எடுத்து விரித்தார். பையைத் துழாவி ரப்பரை எடுத்து, மூன்றாம் நாளை ஒன்பது பத்திலிருந்து கீழ்நோக்கி அழிக்க ஆரம்பித்தார்.

"மீன் காட்சியகம்?" என்றேன்.

"மீன் எங்க போயிடப் போகுது" என்றார், தலை நிமிராமலே.

'சம்பந்தி வீடு' என்பதை மட்டும் விட்டுவிட்டு, மற்றதையெல்லாம் கடைசிக் கட்டம்வரை அழித்தார்; தாளைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ரப்பர் தூளை ஊதிவிட்டார்.