மடியில் என்ன, கடலையா?

போன செவ்வாய்க்கிழமை காலை. அம்மா வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். நான் படியில் உட்கார்ந்து பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். அச்சங்குளத்து மாமா பைக்கில் வந்து இறங்கினார். தோளில் பெரிய ரோஜா மாலை. அம்மாவைப் பார்த்தார்... அப்படியே நின்றுவிட்டார்.

"ஏத்தா... நீ உசுரோடதான் இருக்கியா?"

"என்னண்ணே இப்பிடிக் கேக்கீக? நான் செத்தா எனக்குத் தெரியாமயா இருக்கும்?"

"சாத்தூர் பஸ் ஸ்டாண்டு செவுத்துல ஒம் மொகத்த அம்புட்டுப் பெருசாப் போட்டு, அஞ்சலின்னு ஒட்டியிருக்காகளே!"

இருவரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

அந்த போஸ்டரை டிசைன் பண்ணியது நான்தான். ஆனால் அது அம்மாவுக்கு இல்லை. செத்துப்போன என் அண்ணனுக்கு. அப்புறம் மாமா ஏன் மாலையோடு வந்தார்? தப்பு கொஞ்சம் என் மேல். மீதி, தொள்ளாயிரம் வருஷத்துக்கு முந்தி ஐரோப்பாவில் கல் செதுக்கியவர்கள் மேல்.

சிரிக்காதீர்கள். சொல்கிறேன்.

வாராவாரம் இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்களுக்குத் தெரியும் — நான் எட்டாவதோடு நின்றவள். சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் டைப் அடிக்கிறேன், டிசைன் பண்ணுகிறேன். கல்யாணம், காதுகுத்து, சாவு எல்லாம் என் கம்ப்யூட்டர் வழியாகத்தான் போகும். முனீஸ் அண்ணனைப் பற்றியும் தெரியும். வெம்பக்கோட்டை பக்கம் பட்டாசு வேலைக்குப் போனவன், வெடி விபத்தில் போய்விட்டான். பெட்டியை மூடித்தான் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராகச் சுடுகாடு. யாரும் முகம் பார்க்கவில்லை. ஒரு மாலை விழவில்லை.

இந்த ஒரு வருஷமாக அம்மா சொல்வது ஒன்றே ஒன்றுதான். "எம்புள்ளைய ஒருவாட்டி மடியில போட்டு அளுகக்கூட விடலயே..."

முதல் வருஷ போஸ்டர் போடவேண்டும். எத்தனை பேருக்குப் போட்டிருக்கிறேன்! செத்தவர் நடுவில் பெரிசாக. சொந்தக்காரர்கள் கீழே வரிசையாக, பொத்தான் பொத்தானாக. கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். அண்ணனுக்கு மட்டும் முடியவில்லை. ஏன்? போட்டோ இல்லை. அவன் செல் அவனோடே போய்விட்டது. ஆதார் போட்டோவைக் காட்டினால் "இது யாரு பெத்த புள்ளையோ" என்கிறாள் அம்மா. மிச்சம் ஒன்றுதான் — ஊர் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு எடுத்த குரூப் போட்டோ. கடைசி வரிசையில் நின்று சிரிக்கிறான். முகம் ஒரு கடலைப் பருப்பு அளவு.

பெரிசு பண்ணினேன். புள்ளி புள்ளியாக ஆனான். இன்னும் கொஞ்சம்... மூக்கு போயிற்று. இன்னும் கொஞ்சம்... சிரிப்பு போயிற்று. நான் கிட்டே இழுக்க இழுக்க, அவன் மூடுபனி மாதிரி விலகிக்கொண்டே போனான். மூடி வைத்துவிட்டேன்.

அந்த வாரம்தான் ஜெசி மிஸ் பிரஸ்ஸுக்கு வந்தார். காரியாபட்டி பக்கம் காலேஜ் டீச்சர். ரோமானெஸ்க் கலை என்று ஏதோ ஆராய்ச்சி பண்ணி, தமிழில் புத்தகம் போடுகிறார். ரோமானெஸ்க் என்றால்? பழைய ரோமாபுரிக் கட்டடம் மாதிரி வட்ட வளைவு வைத்துக் கட்டின மாதா கோயில்கள். கோட்டைச் சுவர். கொஞ்சூண்டு ஜன்னல். உள்ளே குளுகுளுவென்று அரை இருட்டு. வாசலுக்கு மேலே அரைவட்டக் கல்லில் சொர்க்கம், நரகம் எல்லாம் இருக்கும். எழுத்துத் தெரியாத சனங்கள் அண்ணாந்து பார்த்தே படித்துக்கொள்வார்களாம்.

டைப் அடிக்க அடிக்க எனக்கு என்னமோ ஆகிவிட்டது. படங்களில் அந்தக் கல் மனிதர்களுக்குக் கால் தரையில் ஊன்றவே இல்லை. தொட்டில் சேலையில் தூங்குகிற பிள்ளை மாதிரி பாதம் தொங்குகிறது. உடுத்திய துணியெல்லாம் கண்மாய்த் தண்ணியின் அலை. சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால், வேலிக்கருவை மரங்களுக்கு மேலே அவர்களும் மெதுவாகக் கூடவே மிதந்து வந்தார்கள். கடைசி வரிசையில் ஒருத்தன் சிரித்த மாதிரி இருந்தது...

இன்னொன்றும் டைப் அடித்தேன். சாமி ரொம்பப் பெரிசு. சீடர்கள் அவருக்குப் பாதி. நம்மைப் போன்றவர்கள் சுண்டுவிரல். கண்ணுக்குத் தெரிகிற அளவெல்லாம் அவர்களுக்குப் பொருட்டே இல்லை. மனசில் என்ன அளவோ, அதுதான் கல்லிலும் அளவு. அந்தக் காலத்து எண்ணம் அப்படியாம். எனக்கென்ன இது புதுசா? நம்ம ஊர்க் கட்சி பேனரைப் பார்த்ததில்லையா!

அப்புறம் அந்தப் படம் வந்தது. தாடி வைத்த ஒரு பெரியவர், ரெண்டு கையாலும் துணியை மடியில் விரித்துப் பிடித்திருக்கிறார். அதற்குள் குட்டி குட்டியாக உருண்டைகள்.

"மிஸ், இவரு மடியில என்ன, கடலையா? படத்துக்குக் கீழ என்னன்னு போட?"

மிஸ்ஸுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "கடலை இல்லம்மா! உத்துப் பாருங்க, கண்ணு மூக்கு தெரியும். செத்துப்போனவுக. இவரு ஆபிரகாம். பைபிள்ல 'ஆபிரகாம் மடி'ன்னு வருமே, நல்லவுக செத்தா போய்ச் சேர்ற எடம், அதான்."

"செத்தவுகள ஏன் மிஸ் இம்புட்டுச் சின்னதாச் செதுக்கியிருக்காக?"

"மடியில கொள்ளணும்ல!"

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு ஒற்றுப்பிழை தேட அடுத்த பக்கம் போய்விட்டார். எனக்கு விரல் ஓடவில்லை.

அன்றைக்கே செய்தேன். சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கிற அம்மா — போஸ்டர் முழுக்க. அவள் மடியில், முந்தானை மடிப்புக்குள், அண்ணன். அதே கடலைப் பருப்பு அளவு. இழுக்கவில்லை, பெரிசு பண்ணவில்லை. அந்த அளவில் அவன் எவ்வளவு தெளிவாக இருந்தான் தெரியுமா? சிரிப்பு உள்பட!

ஒன்றை மறந்துவிட்டேன். நம்ம ஊரில் போஸ்டரை யார் படிக்கிறார்கள்? பேரெல்லாம் சரியாகத்தான் போட்டிருந்தேன். ஆனால் அண்ணாந்து பார்க்கிறவனுக்கு, பெரிசாக இருப்பவர்தானே செத்தவர்?

"உசுரோட இருக்குறவளப் போயி... ஏளா, ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?" மாமா என் மேல் பாய்ந்தார்.

அம்மாவுக்கு நான் அதுவரை காட்டியிருக்கவில்லை. பயம். செல்லில் எடுத்து நீட்டினேன். முதலில் தன் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் கீழே வந்தாள். ரெண்டு விரலை வைத்துப் பெரிசாக்கப் போனாள்.

"வேண்டாம்மா... கலைஞ்சிருவான்."

விரலை எடுத்துவிட்டாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இந்த மாலைய இப்ப நான் என்ன செய்ய?" என்றார் மாமா, குரல் இறங்கி.

அம்மா தெளித்த ஈரத் தரையிலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். முந்தானையை எடுத்து மடியில் விரித்தாள்.

"இங்கன போடுங்கண்ணே."

மாமா போட்டார். அம்மா அதன் மேல் குனிந்தாள். ஒரு வருஷத்துக்கும் சேர்த்து அழுதாள்.

போஸ்டரை மாற்றி ஒட்டிவிடலாமா என்று பிரஸ் முதலாளி கேட்டார். வேண்டாம் என்றேன்.

இன்னும் ரெண்டு மாலை வரட்டும்.