வெள்ளிக்கிழமை மாட்டிய ஹெட்

எங்கள் தோட்டத் தொழிலாளர் லயத்தில் கிருஷ்ணராஜைப் போல நிதானக்காரர் கிடையாது. சட்டைக்குப் பட்டன் பூட்டவே ஒரு யோசனை யோசிப்பார். அவசரக்குடுக்கையான எனக்கு நடந்திருந்தால் சரி என்று விட்டிருப்பேன். அவருக்கு நடந்ததில்தான் என் வயிறு எரிகிறது.

ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தவர், தோட்டத்தை விட்டு ஒரு பழைய டீசல் வேன் வாங்கினார். யட்டியாந்தோட்டைப் பக்கத்து லயங்களிலிருந்து கார்மெண்டில் தைக்கிற பிள்ளைகளை ருவான்வெல்லைக்கு ஏற்றிப் போவார். "இனி ரப்பர் மரத்தடிக்கு என் பொணம்தான் போகும்" என்று சிரிப்பார். அப்புறம் எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் வைக்கும் கேஸ்கட் தகடு எரிந்து, எஞ்சினுக்குள் தண்ணீர் கலந்தது. பஜாரில் மஷூர் நானாவின் கராஜில் முழு எஞ்சினையும் கழற்றினார்கள். இந்த எஞ்சின் எழும்பாவிட்டால் மறுபடியும் பால்வாளிதான். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஹெட் மாட்டும் நாள் வெள்ளிக்கிழமையாக அமைந்தது. தூக்கிவைக்க ஆள் வேண்டுமென்று நானும் போயிருந்தேன். எஞ்சினின் அடிப்பாகமான புளொக்கில் போல்ட் இறங்கும் துளைகளுக்கு அடிப்பக்கம் திறப்பில்லை. நானா ஒவ்வொன்றிலும் துணியைச் சுருட்டி விட்டுத் துடைத்து, காற்றடித்துக் காயவைத்தார்.

"ஓட்டைக்குள்ள தண்ணி நிக்கவே கூடாது தம்பி. மேல போல்ட் எறங்கினா அதுக்குப் போக எடமில்ல. புளொக்கையே பொளந்துரும்" என்றார்.

பிறகு அவர் ஜும்மா தொழுகைக்குப் போனார். நானும் கிருஷ்ணராஜும் புதுக் கேஸ்கட் வாங்கக் கடைக்குப் போனோம். காலையில் பால்வெட்டு முடித்துச் சோறு கொண்டுவந்திருந்த கிருஷ்ணராஜின் மனைவி துஷ்யந்தி காவலுக்கு இருந்தாள்.

எங்கள் ஆட்கள் மாரியம்மன் தீர்த்தம் படாமல் எதையும் தொடங்க மாட்டார்கள். அதுவும் வெள்ளிக்கிழமை. அவள் மஞ்சள் தண்ணீரை ஒரு போத்தலில் வேப்பிலையோடு கொண்டுவந்திருந்தாள். நாங்கள் திரும்பியபோது புளொக்கின் நெற்றியில் குங்குமம் இருந்தது.

"நெறைய ஊத்திட்டியா?" என்று கேட்டார் கிருஷ்ணராஜ்.

"இல்லீங்க, லேசாத்தான் தெளிச்சேன்."

கிருஷ்ணராஜ் மேற்பரப்பை நன்றாகத் துடைத்தார். துளைக்குள் பார்க்கவில்லை. மனைவியின் கையளவை நம்பிவிட்டார். சாமி காரியத்தில் அவள் கை எப்போது சுருங்கியிருக்கிறது? நானாவிடமும் இதைச் சொல்லவில்லை, சொல்லும் அளவுக்குப் பெரிய விஷயமாக அவருக்குத் தோன்றவில்லை.

நானா வந்தார். கேஸ்கட்டை வைத்து, ஹெட்டைத் தூக்கி உட்காரவைத்தோம். எல்லாம் புது போல்ட். மரைக்கு எண்ணெய் தொட்டு, நடுவில் தொடங்கி இரண்டு பக்கமும் மாறி மாறி, ஒரே மூச்சில் இறுக்காமல் சுற்றுச் சுற்றாக இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ரென்ச்சால் இறுக்கிக்கொண்டு போனார். கடைசிச் சுற்றில் மூலை போல்டில் ‘டக்’ என்றது. ரென்ச் லேசாகிவிட்டது.

போல்டைக் கழற்றினார். நுனியிலிருந்து மஞ்சளாகச் சொட்டியது. ஒரு துணுக்கு வேப்பிலையும் ஒட்டியிருந்தது. ஹெட்டைத் தூக்கினோம். துளையிலிருந்து வெளிச்சுவர் வரை புளொக் வெடித்திருந்தது.

"தண்ணி எப்படி வந்துச்சு?" என்றார் நானா.

கிருஷ்ணராஜ் வாசலைப் பார்த்தார். துஷ்யந்தி குழாயடியில் சோற்றுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"மழையா இருக்கும் நானா. கூரை ஒழுகுதுல்ல?"

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. நானா போல்டை ஒருமுறை பார்த்தார், துணியால் வேப்பிலையைத் துடைத்தெறிந்தார்.

"ஓ, மழைதான். நான் கூரையப் பார்த்திருக்கணும்."

நானாவை அந்த இடத்திலேயே கட்டிப்பிடித்து அழலாம் போலிருந்தது எனக்கு.

வெடித்த இடத்தில் வெல்டிங் நிற்காது என்றார் நானா. வரக்காப்பொலையில் இருக்கிற உதிரிப்பாகக் கடைகளுக்கெல்லாம் போன் போட்டார். இந்த மொடலுக்குப் புளொக் வருவதே நின்றுவிட்டதாம். எல்லோரும் கையை விரித்தார்கள்.

பஸ்ஸில் திரும்பும்போது நான் அவர்களுக்குப் பின்சீட்டில் இருந்தேன். பழைய இரும்பு, முன்னமே உள்ளுக்குள் வெடித்திருக்கிறது என்று கிருஷ்ணராஜ் அவளுக்குச் சொன்னார். அவள் கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்ல வேளைங்க, தீர்த்தம் தெளிச்சேன். புள்ளைகள ஏத்திக்கிட்டுப் போறப்ப வெடிச்சிருந்தா என்னாகியிருக்கும்? ஆத்தாதான் கராஜிலேயே நிப்பாட்டிட்டா."

எனக்கு உண்மை வாய்வரை வந்துவிட்டது. கிருஷ்ணராஜ் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் அடக்கிக்கொண்டேன்.

"ஆமா புள்ள" என்றார் அவளிடம். "காலையில நீ பால்வெட்டுக்குப் போறப்ப என்னையும் எழுப்பிவிடு."