வாடைத் தண்ணீரும் பருப்பு வேகும் தண்ணீரும்

1. மூடியைத் திறந்த நாள்

அந்த பாட்டிலின் மூடியைத் திறந்தது நான்தான். அடுத்த நிமிடம் ஆய்வுக்கூடத்தில் இருந்த ஆறு பேரில் நான்கு பேர் வராந்தாவில் நின்றார்கள். எங்கள் வீட்டில் முட்டை புழங்காது. அழுகிய முட்டை எப்படி நாறும் என்று நான் தெரிந்துகொண்டதே இந்த வேலைக்கு வந்த பிறகுதான். அன்று அது முழுசாகத் தெரிந்தது.

மதுரையில் ஒரு தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் கெமிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எந்தக் கூடம் என்று சொல்லப்போவதில்லை. இதில் வரும் தப்புகளில் ஒன்று என்னுடையது, அதை நானே சுமந்துகொள்கிறேன். நடந்தது தொண்ணூறுகளின் பிற்பகுதியில். மேலே இருக்கிற தண்ணீர் வற்றிப்போய், ஊர் ஊராக ரிக் வண்டி வைத்து எழுநூறு அடி, எண்ணூறு அடி என்று பாறையைத் துளைத்துக்கொண்டிருந்த காலம்.

பாட்டில் எழுமலைக்குப் பக்கத்து ஊர் ஒன்றின் காலனியிலிருந்து வந்தது. எழுநூற்று இருபது அடி போர். சாம்பிள் எடுத்து வந்தவர் எங்கள் ஃபீல்டு ஆள் காசி அண்ணன்.

“நாத்தம் இருக்கட்டும் மேடம், தண்ணி என்னமா பீச்சுது தெரியுமா! ஊரே கூடி நின்னு குலவை போட்டுச்சு” என்றார்.

கெமிக்கல் சோதனையில் உப்பும் கடினத்தன்மையும் கொஞ்சம் கூடுதல், ஆனால் அனுமதித்த அளவுக்குள்தான். கிருமிச் சோதனையில்தான் மாட்டிக்கொண்டது. அதற்குச் சத்துக்கரைசல் ஊற்றிய குழாய்களில் தண்ணீரைச் சேர்த்து இரண்டு நாள் சூட்டுப்பெட்டியில் வைப்போம். உள்ளே இருக்கும் குட்டிக்குழாயில் காற்றுக்குமிழி ஏறினால் குடல் கிருமி இருக்கிறது என்று சந்தேகம். அந்தத் தண்ணீருக்கு எல்லாக் குழாயிலும் குமிழி. மறுசோதனையிலும் அதே கதை. ‘குடிக்கத் தகுதியற்றது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எங்கள் மேலதிகாரி சந்தானம் சாரும் போட்டார். நாறவும் செய்கிறது, கிருமியும் இருக்கிறது, இதற்கு மேல் என்ன யோசிக்க என்று இருவருமே நினைத்தோம்.

2. எழுநூறு அடியில் யார்?

நான்கு நாள் கழித்து அந்த ஊராட்சித் தலைவர் நேரில் வந்துவிட்டார். பெயர் பஞ்சவர்ணம். அதுவரை களையெடுக்கக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவர், ஒதுக்கீட்டு இடத்தில் நின்று ஜெயித்திருந்தார். இரண்டு பஸ் மாறி வந்த அலுப்பு முகத்தில் தெரிந்தது. ரிப்போர்ட்டை மேஜைமேல் விரித்தார்.

“இதுல என்னம்மா எழுதியிருக்கு?”

“மலத்துல இருக்கிற கிருமி தண்ணியில இருக்குன்னு அர்த்தம்மா.”

அவர் என்னையே பார்த்தார். பிறகு நிதானமாகக் கேட்டார்.

“எழுநூறு அடிக்குக் கீழ யாரும்மா வெளிக்கிப் போனது?”

சந்தானம் சார் தன் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர், புரையேறி இருமினார். எனக்கும் சிரிப்பு வந்தது. அதோடு வெட்கமும் வந்தது. இத்தனை வருஷம் படித்த எனக்கு அந்தக் கேள்வி ஏன் வரவில்லை?

தலைவர் சிரிக்கவில்லை. விஷயத்தைச் சொன்னார். காலனிக்குக் குடிதண்ணீர் என்பது சின்னச்சாமி என்ற விவசாயியின் தோட்டத்துப் போரில்தான். அவர் மோட்டார் போட்டால் உண்டு, போடாவிட்டால் இல்லை. பெண்கள் குடத்தோடு வரப்பில் உட்கார்ந்திருப்பார்கள்.

“அவரு கெட்ட மனுசன் இல்லம்மா. இல்லைன்னு சொன்னதே கெடையாது. ஆனா மாட்டுக்குக் காட்டி, தென்னைக்குப் பாச்சி, பெறகுதான் நமக்கு. இந்த போரு பெயிலுன்னா பம்பைக் கழட்டி வேற ஊருக்குக் கொண்டுபோயிருவாக. இன்னொண்ணு போட்டுத் தர மாட்டாக. நான் தலைவரா வந்து செஞ்சது இது ஒண்ணுதான்.”

அவர் போன பிறகு காசி அண்ணனைக் கூப்பிட்டு, சாம்பிள் எடுத்த அன்று என்னென்ன நடந்தது என்று ஒன்று விடாமல் சொல்லச் சொன்னேன்.

“பூசை போட்டாக மேடம். பைப்பு வாயிலயே சாணிப் பிள்ளையார் பிடிச்சு, அருகம்புல்லுச் சொருகி, பாலு ஊத்தி, மஞ்சத்தண்ணி தெளிச்சு... அந்த மொதத் தண்ணியத்தான் புடிச்சேன். மங்களகரமா இருக்கட்டுமேன்னு.”

“பைப் வாயைச் சுட்டீங்களா அண்ணே?”

“சாமி இருக்கிற எடத்துல எப்படி மேடம் தீய வைக்கிறது?”

பூமிக்கடியிலிருந்து வந்த கிருமி இல்லை அது. பிள்ளையாரோடு வந்த கிருமி. காசி அண்ணன்மேல் பழி போட எனக்கு மனம் வரவில்லை. எப்படி எடுத்தீர்கள் என்று கேட்காமல் கையெழுத்துப் போட்டவள் நான்.

3. ஆணி போட்ட பாட்டில்

அடுத்த வாரம் நானே போனேன். ஒரு மணி நேரம் மோட்டாரை ஓடவிட்டு, பைப் வாயை ஸ்பிரிட் பஞ்சில் சுட்டு, அடுப்பில் வேகவைத்துக் கொண்டுபோன பாட்டிலில் பிடித்தேன். தண்ணீர் கையில் பட்டபோது இளஞ்சூடாக இருந்தது. கண்ணாடி மாதிரி தெளிவு, வாடை மட்டும் ஆளைத் தூக்கியது. காலனிப் பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த முறை குழாய்களில் ஒரு குமிழிகூட ஏறவில்லை. ஆனால் வாடை எங்கிருந்து வருகிறது என்று சொல்லாமல் ‘தகுதியானது’ என்று எழுதினால் யார் நம்புவார்கள்? சந்தானம் சாரே நம்ப மாட்டார்.

அதற்கு ஒரு பழைய வழி உண்டு. சத்துக்கரைசலைக் கொதிக்கவைத்து அதில் கரைந்திருக்கும் காற்றை விரட்ட வேண்டும். ஆறியதும் தண்ணீரைச் சேர்த்து, ஒரு சுத்தமான இரும்பு ஆணியைப் போட்டு, பாட்டிலைக் கழுத்து வரை நிரப்பி, மெழுகு ஊற்றி அடைத்துவிட வேண்டும். நான்கு நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஐந்தாம் நாள் காலையில் வந்து பார்த்தால் ஆணியைச் சுற்றிக் கறுப்பு. சாயங்காலத்துக்குள் பாட்டில் முழுக்கப் பேனா மை. சந்தோஷத்தில் நான் போட்ட சத்தத்தில் பக்கத்து மேஜைக்காரர் பிப்பெட்டைக் கீழே போட்டார்.

அந்தத் தண்ணீர் என்றைக்கோ மழையாகப் பெய்து, பாறை வெடிப்புகளில் இறங்கி, வெளியே வர வழியில்லாமல் கிடந்தது. எத்தனை வருஷம் என்று சொல்ல எங்களிடம் கருவி இல்லை. தெரிந்த ஜியாலஜிஸ்ட் ஒருவரைக் கேட்டேன். “ஆயிரக்கணக்குல இருக்கலாம், சத்தியம் பண்ணச் சொல்லாதீங்க” என்றார். அங்கே வெளிச்சம் இல்லை, காற்று இல்லை. அப்படியும் சில நுண்ணுயிர்கள் அங்கே குடித்தனம் நடத்துகின்றன. நாம் காற்றை இழுப்பதுபோல் அவை தண்ணீரில் கரைந்திருக்கும் சல்பேட்டைப் பயன்படுத்துகின்றன. அப்போது கழிவாக விடும் வாயுதான் அந்த முட்டை வாடை. அந்த வாயு இரும்போடு சேர்ந்தால் கறுக்கும். நம் குடலில் நோய் உண்டாக்கும் ஜாதி இல்லை அவை. காற்றுப் பட்டால் அவற்றால் தாங்க முடியாது, வாயுவும் பறந்துவிடும்.

இதை எப்படிச் சொல்வது என்று யோசித்து, கடைசியில் பாட்டிலையே கொண்டுபோய்க் காட்டினேன். பஞ்சவர்ணம் அதை வெயிலில் தூக்கிப் பார்த்தார்.

“இம்புட்டு நாளும் ஒரு சொட்டுக் காத்து இல்லாமயா அங்கன கெடந்துச்சுக?”

“ஆமாம்மா.”

“பொழைக்கத் தெரிஞ்சதுகதான்” என்றார்.

4. அலிசரின் சிவப்பு

சாம்பிள் எடுக்கப் போன நாளில் நடந்த இன்னொன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். மோட்டார் ஓடிய அந்த ஒரு மணி நேரத்தில் எனக்குக் குடிக்க ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தார்கள். சின்னச்சாமி தோட்டத்துத் தண்ணீர். அதுவும் ஆழ்துளைத் தண்ணீர்தான், ஆனால் இளநீர் தோற்றது. காசி அண்ணன் அந்தப் பக்கம் போனால் இரண்டு கேன் நிரப்பாமல் வர மாட்டார், ஒன்று அவர் வீட்டுக்கு, ஒன்று என் வீட்டுக்கு. “ரெண்டே விசில்ல பருப்பு மாவா வெந்துரும் மேடம்” என்பார். உண்மைதான். நானும் ஒரு வருஷமாக அந்தத் தண்ணீரில்தான் சாம்பார் வைத்துக்கொண்டிருந்தேன். கெமிஸ்ட் வீட்டுச் சாம்பார்!

சொம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். வாடைக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே சிரிப்பு. அப்போதுதான் பார்த்தேன். ஏழெட்டு வயதுப் பிள்ளைகளின் முன்பற்களில் பழுப்புக் கோடு. ஒருவருக்கு இருவருக்கு இல்லை, பாதிப் பேருக்கு. பஞ்சவர்ணத்தின் மகள் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். குடிதண்ணீரில் ஃப்ளூரைடு மிஞ்சினால் விழும் கோடு அது. தோட்டத்துத் தண்ணீரிலும் ஒரு பாட்டில் பிடித்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஃப்ளூரைடு சோதனைக்கு அப்போது நாங்கள் அலிசரின் சாயத்தில் செய்த சிவப்புக் கரைசலைப் பயன்படுத்துவோம். ஃப்ளூரைடு கூடக்கூடச் சிவப்பு வெளுத்து மஞ்சளாகும். எங்கள் அப்பா சாயப்பட்டறையில் அதே அலிசரினில் நூல் நனைத்தவர். சிவப்பில் எத்தனை சிவப்பு உண்டு என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாடைத் தண்ணீர் ஊற்றிய குழாய் கிட்டத்தட்ட அப்படியே சிவந்து நின்றது. தோட்டத்துத் தண்ணீர் ஊற்றியது என் கண்முன் எலுமிச்சை நிறத்துக்குப் போனது. அளந்து பார்த்தால் அனுமதித்த அளவைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் முதல் வேலையாகக் கேனைக் கவிழ்த்தேன்.

காரணம் எளிது. பாறையிலிருந்து ஃப்ளூரைடு கரைந்து வரும்போது தண்ணீரில் கால்சியம் நிறைய இருந்தால், அது ஃப்ளூரைடைப் பிடித்துப் படியவைத்துவிடும். கால்சியம் குறைவாக இருந்தால் பிடிக்க ஆள் இல்லை. பருப்பு சீக்கிரம் வேகுவதும் அதே கால்சியம் குறைவாக இருப்பதால்தான். நாக்கு கொடுத்த நற்சான்றிதழும் பல்லில் விழுந்த கோடும் ஒரே இடத்திலிருந்து வந்திருந்தன.

இரண்டு ரிப்போர்ட்டையும் சந்தானம் சாரிடம் வைத்தேன். முதலாவதைப் படித்துத் தலையாட்டினார். இரண்டாவதைத் தொடவில்லை.

“இந்தத் தோட்டக்காரர் நம்மள டெஸ்ட் பண்ணச் சொல்லிக் கேட்டாரா?”

“இல்ல சார்.”

“கேக்காததை எதுக்கும்மா செய்றீங்க? நாளைக்கு அவர் சண்டைக்கு வந்தா?”

“வரட்டும் சார். நானும்தான் ஒரு வருஷமா குடிச்சிருக்கேன்.”

அவர் பேனாவைத் திறந்து மூடி, திறந்து மூடி, கடைசியில் கையெழுத்துப் போட்டார். மறுநாள் கோச்சடையில் இருக்கும் தன் வீட்டுப் போர்த் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவந்து, நியூஸ் பேப்பரில் சுற்றி என் மேஜை டிராயரில் வைத்தார். “இதையும் சும்மா பாத்துருங்க” என்று மெல்லச் சொன்னார். நல்லவேளை, சிவப்பு அசையவில்லை.

5. வரிசை

சின்னச்சாமியிடம் நானே போய்ச் சொன்னேன். அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“முட்ட நாத்தம் அடிக்கிற தண்ணி நல்ல தண்ணி, தேனாட்டம் இருக்கிற எந்தண்ணி கெட்ட தண்ணியா? யாரு ஒங்களுக்குச் சொல்லிக் குடுத்தது?”

அவர் மனைவி ராமாயி பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த பேத்தியைக் கூப்பிட்டு, “ஈ காட்டு” என்றார். அங்கேயும் அதே பழுப்புக் கோடு. விழுந்த கோடு இனி மறையாது, இனிமேல் முளைக்கிற பற்களைக் காப்பாற்றலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர்கள் கேட்டார்களா என்று எனக்குத் தெரியவில்லை.

காலனித் தொட்டிமேல் ஓட்டை போட்ட தட்டுகளை மூன்று அடுக்காக வைத்து, அதில் அடுப்புக்கரி பரப்பி, தண்ணீரை மேலிருந்து சொட்டவிட ஏற்பாடானது. காற்றுப் படப்பட வாடை இறங்கிவிடும். பிறகு வழக்கமான குளோரின். கூடத்துக்குப் புதிதாக வந்த பிள்ளைகளிடம் அதற்குப் பிறகு நான் திரும்பத் திரும்பச் சொன்னது இரண்டு விஷயம்தான். பாட்டில் எப்படி நிரம்பியது என்று தெரியாமல் ரிப்போர்ட் எழுதாதே. எல்லாரும் நல்ல தண்ணீர் என்று சொல்கிற தண்ணீரை முதலில் சோதித்துப் பார். புத்தகத்தில் இருக்கிற சங்கதிதான் இரண்டும். எனக்கு அது தலையில் ஏற எழுமலை வரை போக வேண்டியிருந்தது.

தட்டு வைத்த பிறகு தண்ணீரைச் சரிபார்க்க ஒருநாள் காலை போனேன். குழாயடியில் பத்துப் பன்னிரண்டு பேர் குடத்தோடு நின்றார்கள். நடுவில் தலைவர் பஞ்சவர்ணமும் இடுப்பில் குடத்தோடு நின்றார். வாடை துளியும் இல்லை. அந்த நேரம் ராமாயி ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு காலனிக்குள் வந்தார். தெருமுனையிலேயே நின்றுவிட்டார். யாரோ ஒரு பெண், “எம்புட்டு நாளு நாம காத்துக் கெடந்தோம்” என்று வாய்க்குள் முனகியது எல்லாருக்கும் கேட்டது.

பஞ்சவர்ணம் திரும்பிப் பார்த்தார்.

“வாங்கக்கா. இங்கன மாடு, தென்னையெல்லாம் கெடையாது, மனுசருதான். எனக்குப் பின்னாடி நில்லுங்க.”

ராமாயி வந்து நின்றார். நகரச் சொன்னபோது நகர்ந்தார். நானும் பையிலிருந்து பாட்டிலை எடுத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் போய் நின்றேன்.