இமையில் வைத்த எண்ணெய்

டக். சின்னக் கண்ணாடி வில்லையொன்று இரும்புச் சட்டத்துக்குள் விழுகிற சத்தம். போன வாரம் வெள்ளவத்தையில், வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி வாங்கப் போனவன் கடையின் கண் பார்க்கிற கதிரையில் அமர்ந்திருந்தேன். கடைக்காரர் என் மூக்கின் மேல் கனத்த சட்டத்தை ஏற்றி, ஒரு வில்லையை இட்டார், எடுத்தார், வேறொன்றை இட்டார். டக். "இது தெளிவா, அது தெளிவா?" எனக்கு இரண்டும் ஓரளவு தெளிவுதான். ஆனால் இதே கதிரையில், இதே சத்தத்துக்குக் கீழே, என் மகள் "இதுவும் இல்லை, அதுவும் இல்லை" என்று சொல்லிக்கொண்டேயிருந்த ஒரு பின்னேரம் என்னிடம் திரும்பி வந்துவிட்டது.

அவளுக்கு அப்போது இருபது வயது. மருதானையில் கட்டட வரைபடம் கீறப் படிக்கிறவள். கோடுதான் அவளுக்குச் சோறு போடப்போவது. இரண்டு வருடத்துக்குள் மூன்று கண்ணாடி மாற்றியிருந்தாள். "அப்பா, ஒரு கோடு கீறினா மூண்டு கோடு தெரியுது" என்று ஒருநாள் சொன்னாள். "போனைக் கீழ வை, ஒண்டு தெரியும்" என்றேன். தகப்பன்மாருக்கு வாய் எப்போதும் கண்ணுக்கு முன்னால் ஓடும்.

கடைக்காரர் முஸ்லிம் மனிதர், என் வயதுதான் இருக்கும். விற்கிறதில் கெட்டிக்காரர். அன்று விற்கவில்லை. வில்லைப் பெட்டியை மூடினார். விளக்கை அணைத்து, ஒளிக்கீற்றுப் பாய்ச்சும் சிறிய கருவியொன்றை அவளுடைய வலக்கண்ணுக்குள் பிடித்து இடமும் வலமும் ஆட்டினார். வெளியே காலி வீதி இரைந்துகொண்டிருந்தது. உள்ளே அவருடைய மூச்சு மட்டும் கேட்டது.

"சேர், இனி நான் ஒரு கண்ணாடி வித்தா அது எனக்குப் பாவம்," என்றார். "உள்ளுக்கு நிழல் கத்திரிக்கோல் மாதிரி வெட்டுது. இது கண்ணாடிட வேலை இல்ல. நாளைக்கே கண் டொக்டர்ட்ட காட்டுங்க." பிறகு அவளிடம்: "மகள், கண்ணக் கசக்குறதா?"

"அரிச்சுக் கடிக்கும். கடிச்சாக் கசக்குவன்."

"இனி வாணாம். கையக் கட்டிப் போட்டாவது கசக்காம இரிங்க."

கண் ஆஸ்பத்திரியில் எங்களுக்குக் கிடைத்த டொக்டர் வடக்கிலிருந்து வந்த பெண். சிரிப்பைச் சிக்கனமாகச் செலவழிக்கிறவர். கொம்பியூட்டர்த் திரையில் என் மகளின் கருவிழி ஒரு தீவின் வரைபடம்போல விரிந்தது. கரையெல்லாம் நீலம், நடுவில் பச்சை, தெற்கே சிவந்த ஒரு மேடு. எனக்கு அழகாகத் தெரிந்தது. அழகாகத் தெரிந்ததற்காக என்மேல் எனக்கே வெறுப்பு வந்தது.

"இந்தச் சிவப்பு இடம் மெலிஞ்சு, கூம்பு மாதிரி முன்னுக்குத் தள்ளுது," என்றார் டொக்டர். "இதுக்குப் பேர் கெரட்டோகோனஸ். குறொஸ் லிங்கிங் எண்டு ஒரு சிகிச்சை இருக்கு. கருவிழியின்ர மேல்தோலைக் கொஞ்சம் எடுத்துப்போட்டு, விற்றமின் துளி விட்டு, ஊதா வெளிச்சம் பிடிப்பம். உள்ளுக்கு இருக்கிற நாரெல்லாம் ஒண்டோட ஒண்டு பிணையும். பிணைஞ்சாத் தள்ளாது."

"பார்வை திரும்பி வருமோ?" என்று கேட்டேன்.

"போனதை நான் வாங்கித் தரமாட்டன். இருக்கிறதை விடமாட்டன்."

பிறகு ஒரு எண்ணைச் சொன்னார். கருவிழியின் தடிப்பு நானூறு மைக்ரோனுக்குக் குறைந்தால் இந்தச் சிகிச்சை கூடாது. வெளிச்சம் ஆழத்துக்கு இறங்கி வேறு சேதம் செய்துவிடும். அதற்குப் பிறகு இன்னொருவரின் கருவிழியை எடுத்துத் தைக்கிற வழியைத்தான் யோசிக்க வேண்டிவரும். கசக்கக் கசக்கக் கருவிழி இன்னும் மெலியும். இடக்கண் பரவாயில்லை, கவனித்துக்கொண்டு இருக்கலாம். வலக்கண் நானூற்றுப் பன்னிரண்டு.

பன்னிரண்டு மைக்ரோன் மிச்சம். ஒரு தலைமயிரை நீளவாக்கில் ஆறாகக் கிழித்தால் கிடைக்கிற கீற்று. என் மகள் அந்தக் கீற்றின்மேல் நின்றுகொண்டிருந்தாள். சிகிச்சைக்கு நாள் கிடைத்தது ஒரு மாதம் கழித்து. அந்த மாதம் முழுவதும் நான் வீட்டுக்குள் நடந்தேன், கடற்கரைத் தண்டவாளத்தோரம் நடந்தேன், கவிதை எழுதவென்று இருந்து எழும்பி நடந்தேன். மகளின் கை முகத்துப் பக்கம் போனால் போதும். "கை!" என்று கத்துவேன். "தலைமயிரை ஒதுக்கிறன் அப்பா," என்பாள். "ஒதுக்கவும் விடமாட்டீங்களோ?"

என் மனைவி கத்தோலிக்க வீட்டுப் பெண், கொட்டாஞ்சேனையில் பிறந்தவள். நான் சைவ வீட்டில் பிறந்து எதையும் நம்பாமல் வளர்ந்தவன். மனைவியின் அக்கா இன்னும் கொட்டாஞ்சேனைப் பேராலயத்துக்கு அருகிலேயே இருக்கிறார். அந்தக் கோயிலின் புனிதை இரண்டு கண்களைத் தட்டில் ஏந்தி நிற்பவள். கண் நோவென்றால் அந்தப் பக்கத்துச் சனம் முதலில் அவளிடம்தான் போகும், மருந்து பிறகு. சிகிச்சைக்கு முதல் நாள், ஞாயிறு பின்னேரம், அக்கா கட்லட் பார்சலோடும் கைக்குள் அடங்குகிற ஒரு போத்தல் மந்திரித்த எண்ணெயோடும் வந்து இறங்கினார்.

"சிரிக்காதீங்க தம்பி. இது பிள்ளைக்கு," என்றார் என்னைப் பார்த்து. "நெத்தியில சிலுவை போட்டு ஒரு பொட்டு, அவ்வளவுதான். கண்ணுகிட்ட கொண்டு போகவே கூடாது. ஒண்ணும் பூச வேணாம்னு டொக்டர் சொல்லியிருக்காங்கல்ல?"

"அக்கா, அந்தப் புனிதையின்ர கண்ணே தட்டில கிடக்கு. அவ எங்கட பிள்ளையின்ர கண்ணை என்னண்டு பாக்கிறது?"

"நீங்க எழுதுற கவிதை எத்தனை பேருக்கு உதவியிருக்கு, சொல்லுங்க பார்ப்போம்?"

மகளுக்குக் கட்லட்டோடு புரைக்கேறிவிட்டது. அக்கா அவளுடைய நெற்றியில் அளவாக ஒரு பொட்டு வைத்துச் செபம் சொல்லிவிட்டு, மிச்சப் போத்தலை மேசையில் விட்டுப் போனார்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும். திங்கள் விடிய ஐந்தரை மணி. கடலோர ரயில் ஒன்று வீட்டை உலுக்கிக்கொண்டு போனது. மகள் மல்லாந்து உறங்கிக்கொண்டிருந்தாள். அவளை எழுப்பத்தான் போனேன். மூடிய அந்த இரண்டு இமைகளையும் பார்த்தபோது, படித்தது, எழுதியது, நக்கலடித்தது எல்லாம் என்னை விட்டுக் கழன்று விழுந்தன. மேசையிலிருந்த போத்தலைத் திறந்தேன். விரலை நனைத்தேன். இரண்டு இமையிலும் தாராளமாகத் தடவினேன். என்ன சொல்லித் தடவுவதென்று தெரியவில்லை. "தயவு செய்து" என்று மட்டும் சொன்னேன். யாரிடம் என்று இன்றைக்கும் தெரியாது.

அவள் அரை உறக்கத்தில் சிணுங்கி, இரண்டு கையாலும் கண்ணைக் கசக்கினாள். நன்றாகக் கசக்கினாள்.

ஆஸ்பத்திரியில் தாதி அவளுடைய முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். வலக்கண் செம்பருத்தியாய்ச் சிவந்திருந்தது. இமை தடித்திருந்தது. முகம் கழுவியும் இமைமயிரில் எண்ணெய் மினுங்கியது. "கவ்த மே தெல் காவே?" என்று சிங்களத்தில் அதட்டினார். யார் இந்த எண்ணெயைப் பூசியது?

"பெரியம்மாவா இருக்கும்," என்றாள் மகள். "நேற்று நெத்தியில வைச்சவ. வழிஞ்சிருக்கும்."

டொக்டர் வந்து பார்த்தார். "இந்தக் கண்ணில இண்டைக்குக் கை வைக்கேலாது. கிருமி போயிடும். ஒரு கிழமைக்குத் துளி மருந்து விடுங்கோ. அடுத்த திங்கள் திரும்ப அளந்து பாப்பம். நானூறுக்கு மேல இருந்தாச் செய்வம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "வீட்டில ஆரும் கெட்ட எண்ணத்தில செய்யிறேல்ல. ஆனாச் சொல்லி வையுங்கோ."

நான் மேலே சுழன்ற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

செய்தி கேட்ட மனைவி, தான் படிப்பிக்கிற பாடசாலையிலிருந்தே அக்காவுக்குப் போன் எடுத்துச் சத்தம் போட்டாள். "நான் கண்ணுல வைக்கல," என்று அக்கா ஒரு தரம் சொல்லியிருக்கிறார். மனைவி நம்பவில்லை. அதன் பிறகு கொட்டாஞ்சேனையிலிருந்து போன் வரவில்லை. ஒவ்வொரு நாளும் மூன்று தரம் போன் எடுக்கிறவர் அவர். செவ்வாய் கழிந்தது, புதன் கழிந்தது. நான் மணிக்கொரு தரம் மகளின் கண்ணுக்கு மருந்து விட்டேன். ஒவ்வொரு துளிக்கும் வாய்வரை வந்ததை விழுங்கினேன்.

வியாழன் காலை இரண்டு பஸ் மாறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அக்கா குசினியில் கீரி மீன் துப்புரவாக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"அக்கா, கண்ணில வைச்சது நான்."

கத்தி நின்றது. "நீங்களா?"

"ஓம்."

"எவ்வளவு வெச்சீங்க?"

"விரல் நனைய. ரெண்டு இமையிலயும்."

அவர் என்னை உச்சியிலிருந்து கால்வரை பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். மீன் கையோடு பலகையில் உட்கார்ந்து, கண்ணீர் வரச் சிரித்தார். "அடப்பாவி மனுஷா! வருஷக்கணக்கா கும்புடுற எங்களுக்கு ஒரு பொட்டு போதும். ஒண்ணுமே நம்பாத ஆளுக்கு அரைப் போத்தல் கேக்குதா?" சிரிப்பு சட்டென்று நின்றது. "மூணு நாள் தம்பி. மூணு நாளா என் தங்கச்சி என்னைப் பொய்க்காரின்னு நெனச்சிட்டு இருக்கா. எடுங்க போனை. இப்பவே, என் முன்னால சொல்லுங்க."

சொன்னேன். "போனை அக்காட்டக் குடுங்கோ," என்றாள் மனைவி, வகுப்பறை இரைச்சலுக்கு மேலால். இரண்டு பேரும் என்ன கதைத்தார்களென்று தெரியாது. நான் முற்றத்தில் நின்றேன். திரும்பி வந்தபோது அக்கா பொரித்த மீனை ஒரு பெட்டியில் போட்டுத் தந்தார், பிள்ளைக்கு என்று. எனக்கில்லை என்பதை அழுத்திச் சொன்னார்.

பின்னேரம் மகளிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். சன்னலோரம் இருந்து கேட்டுக்கொண்டிருந்தவள், "அப்பா, திங்கக்கிழமை குறைஞ்சிருந்தா?" என்று மட்டும் கேட்டாள். அடுத்த துளி மருந்தை எடுத்து அவளுடைய கண்ணில் விட்டேன். சொல்லை நம்பிப் பிழைக்கிறவன் நான்.

திங்கள். கருவியின் தாங்கியில் அவள் நாடியையும் பட்டியில் நெற்றியையும் வைத்தாள். "அசைய வேண்டாம், இமைக்க வேண்டாம்," என்றார் டொக்டர். நானும் இமைக்கவில்லை. திரையில் அந்தத் தீவு வந்தது. சிவந்த மேடு வந்தது. டொக்டர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு எண்ணை வாசித்தார்.

"நானூற்று ஒன்பது."

"குறைஞ்சிட்டுதே?" என்றேன்.

"மெசினுக்கும் இப்பிடிக் கொஞ்சம் கூடக் குறைய வரும். காணும். வாங்கோ மகள், செய்வம்."

காணும். போதும் என்கிற இந்த ஒரு சொல்லுக்குள் இவ்வளவு காற்று இருக்குமென்று எனக்குத் தெரியாது. வெளியே நடைபாதையில் நான் அங்குமிங்கும் நடக்க, அதே தாதி சுவரோரத்து நீள வாங்கைக் காட்டி உட்காரச் சொன்னார். இருந்தேன். எழும்பினேன். திரும்பவும் இருக்கச் சொன்னார். கதவு ஒரு தரம் திறந்து மூடிய இடைவெளியில் உள்ளே ஊதா நிறம் தெரிந்தது. மேசையில் கிடந்தவளின் கண்ணில் மஞ்சள் துளி, அதன்மேல் அந்த வெளிச்சம். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கழித்து, கண்ணில் கவசம் ஒட்டி, தாதியின் தோளைப் பிடித்தபடி வந்தாள். "நோகேல்லை அப்பா," என்றாள். மரப்பு மருந்து இன்னும் விடவில்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

மூன்று நாள் நொந்தது. மிளகாய்த் தூளும் மணலும் சேர்த்து அரைக்கிற மாதிரி என்றாள். சன்னலுக்கு இரண்டு போர்வை கட்டினோம். தாயும் பெரியம்மாவும் ஆளுக்கொரு பக்கம் இருந்து பழைய சண்டைகளையெல்லாம் சமாதானமாகக் கதைத்தார்கள். எனக்கு வேலையில்லை. ஏதாவது வாசித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன்.

"உங்கட கவிதையோ?"

"ஓம்."

"வேண்டாம் அப்பா. ஏற்கனவே எரியுது."

இருட்டுக்குள் மூன்று பெண்களும் சிரித்தார்கள். அந்த வீட்டில் அதைவிட நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை.

நாலாம் நாள் நோவு விட்டது. முதல் மாதம் பார்வை மங்கலாயிருந்தது, பிறகு தெளிந்தது. தெளிந்ததென்றால் முன்பு இருந்த அளவுக்கு. கடினமான வில்லையொன்றைக் கண்ணில் போட்டுப் பார்க்கலாம் என்றார் டொக்டர், இப்போதல்ல, பிறகு. கோடு இன்னும் மூன்றாய்த்தான் தெரிகிறது, ஆனால் மூன்று நாலாகவில்லை என்று அவள் சொன்னபோது, அதைப் பெரிய சீதனம்போல வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஆறு மாதத்தில் திரும்ப அளந்தார்கள். டொக்டர் பழைய படத்தையும் புதிய படத்தையும் திரையில் அருகருகே வைத்தார். அதே நீலம், அதே பச்சை. சிவந்த மேடு ஓரடியும் முன்னே வைக்கவில்லை. கொஞ்சம் தட்டையாகியும் இருந்தது. "நிண்டிட்டுது," என்றார். அன்றைக்குத்தான் அவர் சிரித்ததைக் கண்டேன். "இனி வருஷத்துக்கு ஒருக்கா வந்தாப் போதும்."

வெளியே பத்து மணி வெயில். ஆஸ்பத்திரி வாசல் படலையடியில் இளநீர்க்காரன் வெட்டிக்கொண்டிருந்தான். பஸ்கள் ஒன்றையொன்று உரசின. கொழும்பு முழுவதும் உடம்பு குளித்துத் தலை துவட்டிய மாதிரி இருந்தது, அல்லது எனக்கு அப்படி இருந்தது. மகளுக்குப் பதினொரு மணிக்கு வகுப்பு. சுருட்டிய தாள்களைக் கமக்கட்டுக்குள் இடுக்கிக்கொண்டாள்.

"நானும் வந்து விட்டிட்டுப் போறன்," என்றேன்.

"வேண்டாம். மருதானைக்கு எனக்கு வழி தெரியாதோ?"

"இல்லை, இந்த வெயிலுக்க..."

"அப்பா." என் சட்டைக் கொலரை நேராக்கிவிட்டாள். "எனக்கு ஒண்டும் இல்லை. நீங்க வீட்ட போய்க் கொஞ்சம் படுங்கோ. ஆறு மாசமா நித்திரை கொள்ளாதது நீங்கதான்."