கைப்பையில் இருந்த கழிப்பறைச் சாவி

ஆறு மாதம் ஒரு கழிப்பறைச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு அலைந்தவள் நான். ஒரு பெரிய கம்பெனியின் அறக்கட்டளையில் திட்ட அலுவலராக இருந்தேன். தச்சநல்லூரில் ஆபீஸ். கண் முகாம், தையல் மிஷின், குளம் தூர்வாருதல், பள்ளிக்கூடங்களுக்கு பெஞ்சு என்று இருபது வருடம் ஆற்றங்கரை ஊர்களில் செருப்புத் தேய நடந்திருக்கிறேன். பெருமையாகச் சொல்ல நாலைந்து விஷயம் இருக்கிறது. ஆனால் இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டியது அந்தச் சாவியைப் பற்றித்தான். நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. அதில் பாதி என் மேலேயே வருகிற எரிச்சல்.

1. சொன்ன நாளில் முடிந்த வேலை

ஆழ்வார்திருநகரிப் பக்கம் வாழைத்தோட்டங்களுக்கு நடுவில் ஒரு உயர்நிலைப் பள்ளி. ஊர் பெயர் வேண்டாம். தலைமையாசிரியை ஜெயராணி டீச்சர் பாளையங்கோட்டைக் கிறிஸ்தவர், என் வயதுதான். பெண்பிள்ளைகளுக்கு அங்கே பழைய கழிப்பறை ஒன்று இருந்தது. கதவு சாய்ந்து, ஓடு உடைந்து, பார்க்கச் சகிக்காது. ஆனாலும் அதில் பிள்ளைகள் போய்வந்துகொண்டிருந்தார்கள். அதை இடித்தது நாங்கள்தான். அதே இடத்தில் புதிதாகக் கட்டித் தருகிறோம் என்று எழுதிக் கொடுத்து, கோடை விடுமுறையில் இடித்து, பள்ளி திறந்த சூட்டோடு ஆனியில் கட்டியும் முடித்துவிட்டோம். ஆறு அறை, மாடியில் தண்ணீர்த் தொட்டி, மோட்டார், சுவரெல்லாம் நீல டைல்ஸ். என் சர்வீஸில் சொன்ன நாளில் முடிந்த வேலை அது ஒன்றுதான்.

சென்னை ஹெட் ஆபீஸில் எனக்கு மேலதிகாரி பிரவீண் சார். என்னைவிட இருபது வயது இளையவர். மரியாதையானவர், குரலை உயர்த்தவே மாட்டார். அப்படிப்பட்டவரோடு சண்டையும் போட முடியாது. வேலை முடிந்தது என்று போட்டோ அனுப்பினேன். சேர்மனின் மனைவி பத்து நாளில் வந்து திறந்துவைப்பார், அதுவரை பூட்டி வையுங்கள் என்றார். திறப்பு விழா முடிந்தால்தான் ஒப்படைப்புக் கடிதத்தில் கையெழுத்து, கையெழுத்து ஆனால்தான் பள்ளிக்கூடத்துக்குச் சாவி. அதுதான் எங்கள் நடைமுறை. பத்து நாள்தானே என்று பூட்டினேன். கறுப்பு கிரானைட்டில் அந்த அம்மாள் பெயரும் தேதியும் போட்டுக் கல்வெட்டும் அடித்தாயிற்று.

2. மூன்று கல்வெட்டு

அந்தத் தேதியில் அவருக்கு வெளிநாட்டுப் பயணம் வந்துவிட்டது. அடுத்த தேதி கேட்பதற்குள் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் அவர்கள் வீட்டில் எதையும் திறக்க மாட்டார்களாம். ஆவணியில் ஒரு நாள் குறித்தார்கள். இரண்டாவது கல்வெட்டு அடித்தோம். விழாவுக்கு முந்தின நாள் சேர்மனின் சித்தப்பா காலமாகிவிட்டார். பந்தல்காரரைத் திருப்பி அனுப்பினேன். புரட்டாசியில் கேட்டால், அந்த மாதம் புதுமனை புகக்கூடாது என்று பதில் வந்தது.

“சார், இது வீடு இல்ல, கக்கூஸு. இங்க யாரும் பால் காய்ச்சப் போறதில்ல” என்று போனில் சொல்லியே விட்டேன்.

“சென்டிமென்ட் மேடம். நம்ம கைல என்ன இருக்கு?” என்றார் பிரவீண் சார்.

விழாவைப் பிறகு வைத்துக்கொள்ளலாம், இப்போதைக்குத் திறந்துவிடட்டுமா என்று கேட்டேன். டைல்ஸில் கறை பட்டால் ஆண்டறிக்கைப் போட்டோ கெட்டுப்போகும் என்றார். எத்தனை பிள்ளைகள் என்று கேட்கவில்லை. இப்போது எங்கே போகிறார்கள் என்றும் கேட்கவில்லை. நானும் அதற்கு மேல் பேசவில்லை. ஓய்வுபெற இரண்டு வருடம்தான் இருந்தது. எதற்கு வம்பு என்று சரி சார் என்றேன். அந்தச் ‘சரி சார்’ என்பதை எத்தனை தடவை சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை.

ஜெயராணி டீச்சர் நான் போகும்போதெல்லாம் கேட்பார். “உங்க கோயில்லகூட மத்தியானம் நட சாத்துனா சாயங்காலம் தொறந்திருதாவ. இது என்ன கோயிலு, வடிவு?” என்று என்னைப் பெயர் சொல்லிக் கேட்பார். எனக்குச் சிரிப்பும் வரும், அவமானமாகவும் இருக்கும். கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அடுத்த மாதம் நிச்சயம் என்பேன்.

3. இசக்கியம்மாள்

பழையது இடிந்துபோனது, புதியது பூட்டிக் கிடந்தது. பிள்ளைகள் வாழைத்தோட்டத்துக்குப் போக ஆரம்பித்தார்கள். அங்கே ஆட்கள் தார் வெட்டிக்கொண்டிருப்பார்கள். எனவே மூன்று பேர் நான்கு பேராகச் சேர்ந்து போக வேண்டும், ஒருத்தி காவல் நிற்க வேண்டும். இதற்குப் பயந்து பெரிய பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார்கள். தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து அப்படியே திருப்பிக் கொண்டுபோனார்கள்.

பத்தாம் வகுப்பில் இசக்கியம்மாள் என்றொரு பெண். கணக்கில் கெட்டி. அவள் வீட்டில் பத்தாவது வரை வந்த முதல் ஆள் அவள்தான். ஐப்பசி மழையில் அவளுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. அடிவயிற்று வலி, சிறுநீரில் கிருமி என்றார்கள். அரசு ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் கிடந்தாள். வீட்டுக்கு வந்த பிறகு அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. ஜெயராணி டீச்சர் என்னையும் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார்.

அவள் அப்பா வாழைத்தார் சுமை தூக்குகிறவர். எங்களை உட்காரவைத்து டீ வாங்கிவரச் சொன்னார். கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை.

“காலைல போற பிள்ள சாயங்காலம் வார வரைக்கும் ஒரு மொடக்குத் தண்ணி குடிக்கல. ஏன் குடிக்க மாட்டேங்குன்னு டாக்டரம்மா எங்கிட்ட கேக்காவ. நான் என்னன்னு சொல்லட்டும்? உங்க கக்கூஸு தொறக்கட்டும் டீச்சர், அனுப்புதேன். அது வரைக்கும் வீட்ல கெடக்கட்டும்” என்றார்.

மார்ச்சில் பொதுத்தேர்வு. டீச்சர் கெஞ்சிப் பார்த்தார். அரையாண்டுப் பரீட்சையை மட்டும் எழுதட்டும், எழுதியதும் வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும் என்ற அளவுக்கு அவள் அப்பா இறங்கிவந்தார். இதெல்லாம் நடக்கும்போது சாவி என் மடியில் இருந்த பையில் இருந்தது. பையை மடியில் வைத்துக்கொண்டேதான் அந்த மனிதர் வாங்கித் தந்த டீயைக் குடித்தேன். சீ, நானும் ஒரு மனுஷியா என்று பஸ்ஸில் வரும்போது தோன்றியது. வீட்டுக்கு வந்து சென்னைக்குப் போன் போட்டேன். கார்த்திகை கன்ஃபார்ம் என்றார் பிரவீண் சார்.

4. தொறந்தாச்சா

கார்த்திகையும் தள்ளிப்போனது. தையில்தான் என்று சொல்லிவிட்டார்கள். இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நேரில் போனேன். அன்றைக்கு நல்ல மழை. ரோட்டில் தண்ணீர் ஏறி பஸ் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டது. எனக்குச் சர்க்கரை வேறு. இந்த வேலைக்கு வருகிற பெண்பிள்ளைகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, எந்த ஊரில் எந்த வீட்டில் கழிப்பறை கேட்கலாம் என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டுதான் நாம் நடமாடுவோம். அன்றைக்கு எந்தக் கணக்கும் செல்லவில்லை. பஸ்ஸைவிட்டு இறங்கியபோது ஒரு நிமிடம்கூடப் பொறுக்க முடியாது என்றாகிவிட்டது.

வாசலில் யாரிடமும் பேசவில்லை. நேரே பின்பக்கம் போனேன், சாவியை எடுத்தேன், பூட்டைத் திறந்தேன், உள்ளே போனேன். அந்த நேரத்தில் சேர்மனும் நினைவில் இல்லை, டைல்ஸும் நினைவில் இல்லை.

வெளியே வந்தால், அரையாண்டுப் பரீட்சை முடிந்து பிள்ளைகள் வராந்தாவில் நிற்கிறார்கள். அத்தனை பேரும் என்னைத்தான் பார்க்கிறார்கள். என் ஒரு கையில் பூட்டு, ஒரு கையில் சாவி. முன்னால் நின்றவள் இசக்கியம்மாள். ஆள் பாதியாக இளைத்திருந்தாள்.

“தொறந்தாச்சா மேடம்?” என்று கேட்டாள்.

கிண்டல் இல்லை, குத்தல் இல்லை. நிஜமாகவே கேட்டாள். கிண்டல் செய்திருந்தால்கூட அதட்டிவிட்டுத் திரும்பப் பூட்டியிருப்பேனோ என்னவோ. என் அவசரத்துக்கு ஆடியும் பார்க்கவில்லை, புரட்டாசியும் பார்க்கவில்லை. பூட்டையும் சாவியையும் அவள் கையில் வைத்தேன்.

“தொறந்தாச்சு. இத டீச்சர்ட்ட குடுத்துட்டு, அப்பாட்ட போய்ச் சொல்லு” என்றேன்.

மறுநாளிலிருந்து அவள் முழுநாளும் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள்.

5. முதல் ஆள்

இதை நான் சென்னைக்குச் சொல்லவில்லை. தையில் விழா நடந்தது. மூன்றாவது கல்வெட்டு பதித்தோம். பிள்ளைகள் முந்தின நாளே தேய்த்துக் கழுவிவிட்டிருந்தார்கள். கட்டி முடித்த அன்றைக்குக்கூட டைல்ஸ் அப்படிப் பளபளக்கவில்லை. சேர்மனின் மனைவி எளிமையாக வந்தார், பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தார். ரிப்பன் வெட்டுவதற்கு முன்னால், எப்போது கட்டி முடித்தீர்கள் என்று என்னிடம் சாதாரணமாகக் கேட்டார். ஆனியில் என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. “அப்போ இத்தனை மாசமா பிள்ளைங்க எங்க போனாங்க? எனக்காகவா பூட்டி வெச்சிருந்தீங்க? யாருமே எங்கிட்ட சொல்லலையே” என்றார்.

பிரவீண் சார் டைல்ஸைப் பார்த்தார். நான் பிரவீண் சாரைப் பார்த்தேன். ஆடியும் புரட்டாசியும் யார் வாயிலிருந்து கிளம்பி எங்களிடம் வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த அம்மாளிடம் நேரே ஒரு வார்த்தை கேட்க எங்களில் ஒருவருக்கும் தைரியம் இல்லை, அவ்வளவுதான். பிரவீண் சார் சமாளித்துக்கொண்டு, ரிப்பன் வெட்டியதும் முதலில் உபயோகிக்கிற பிள்ளையை ஒரு போட்டோ எடுக்கலாம் என்றார். கேமராக்காரர் வரிசையின் முன்னால் உட்கார்ந்திருந்த இசக்கியம்மாளைக் கைகாட்டினார்.

அவள் எழுந்து, பாவாடையைச் சரிசெய்துகொண்டு நடந்தாள். என்னைத் தாண்டும்போது எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “மொத ஆளு நீங்கல்லா மேடம்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆமாம், நான்தான். அதனால்தான் சொல்கிறேன். கடைசி டைல் ஒட்டிக் காய்ந்த அன்றே சாவியைப் பள்ளிக்கூடத்தில் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு பஸ் ஏறுங்கள்.