பள்ளத்திலிருந்து வந்த ‘ப்ரசன்ட் சார்’

இது நடந்தது. நான் சொல்வதில் பாதி புளுகு என்பது கல்லூரி முழுக்கத் தெரியும். இது மற்றப் பாதி. சந்தேகமிருந்தால் ஜெகபர் அலியைக் கேளுங்கள். பொய் சொல்லும் அளவுக்கு அவனுக்கு மூளை கிடையாது.

1961, ஐப்பசி. ஜெகபரின் அத்தா தோல் வியாபாரி. அவருடைய ஜீப்பையும் தார்ப்பாயையும் கேட்டு வாங்கிக்கொண்டு, கன்னிவாடிக்கு மேலே மலைப்பாதையில் கிளம்பினோம். ஒரு பக்கம் மலை. மறுபக்கம் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததைப் பார்க்கத்தான் போனோம். பள்ளத்தின் விளிம்பிலேயே கூடாரம் அடித்தோம். உள்ளே செத்த ஆட்டு வாடை.

நான், ஜெகபர், ஒச்சப்பன் என மூன்று பேர். நான்காவது ஆள், எல்லாரையும் ‘அப்பு’ என்றே கூப்பிடும் ராயப்பராஜ், “நாகல் நகர்ல ஒரு சோலி இருக்கு. சைக்கிள்ல பின்னாடியே வாரேன்” என்று சொல்லியிருந்தான்.

பொழுது சாய்ந்தது. பனிமூட்டம் ஏறியது. அவன் வரவில்லை.

“வெளக்கு இல்லாத சைக்கிளு. பள்ளம் தெரியாம விட்டுருவானோ?” என்றான் ஜெகபர்.

“வகுப்புக்கே வராதவன் மலைக்கு வாரானாக்கும்!” என்று ஒச்சப்பன் சிரித்தான். சோடா பாட்டில் உடைப்பது போல மூக்கால் சிரிப்பான். ப்ஸ்ஸ்க்.

வகுப்பில் ராயப்பராஜுக்குப் பதிலாகத் தினமும் ‘ப்ரசன்ட் சார்’ சொல்பவன் ஒச்சப்பன்தான். அன்று அவனே பேராசிரியர் ஆனான். விளிம்பில் நின்று, பள்ளத்தைப் பார்த்து வருகைப்பதிவு எடுத்தான்.

“ஜெகபர் அலி!”

“ப்ரசன்ட் சார்!” ...ட் சார்... சார்...

“சோலைமலை!” அது நான். நானும் கத்தினேன். அதுவும் எதிரொலித்தது.

“ராயப்பராஜ்!”

...பராஜ்... ராஜ்...

அவனுக்காகக் குரல் கொடுப்பவனே இன்று பேராசிரியர். வேறு ஆள் இல்லை.

“ப்ரசன்ட் சார்.”

கீழேயிருந்து.

அவன் குரலேதான். ஆனால் மூச்சு வாங்கவில்லை. சைக்கிள் சத்தமும் கேட்கவில்லை. எங்கள் குரலெல்லாம் எதிரொலித்ததே... அது எதிரொலிக்கவில்லை.

“ஏலே, அங்க எப்படிலே போன?” என்று கத்தினான் ஜெகபர்.

“கையைக் குடு, அப்பு. வழுக்குது.”

“லேட்டு! வெளிய நில்லு!” என்றான் ஒச்சப்பன். ப்ஸ்ஸ்க்.

“வழுக்குது, அப்பு...”

இப்போது ஒச்சப்பன் சிரிக்கவில்லை. குப்புறப் படுத்துக் கையைக் கீழே விட்டான்.

“பிடிச்சுட்டேன். என்னலே, கை இம்புட்டுச் சில்லுன்னு...”

நிறுத்தினான்.

“ஏலே, இழுக்காத.”

நான் அவன் காலைப் பிடிக்க ஓடினேன்.

“ஏலே...”

கால் இல்லை.

அலறல் இல்லை. விழுந்த சத்தத்துக்காகக் காத்திருந்தோம்.

அது கேட்கவே இல்லை.

மறுநாள் கன்னிவாடி ஆட்கள் கயிறு கட்டி இறங்கி ஒச்சப்பனைப் பிணமாகத் தூக்கி வந்தார்கள். ராயப்பராஜையும் தேடினார்கள். கிடைக்கவில்லை.

ராயப்பராஜ் வீட்டுக்குச் சொல்ல நான்தான் போனேன். வாசலில் சைக்கிள் நின்றது. பூட்டியிருந்தது.

அவன் அம்மா இஞ்ஞாசியம்மாள் மெதுவாகப் பேசினார். “சத்தம் போடாதய்யா, தூங்குறான். நேத்து மத்தியானத்துல இருந்து காய்ச்சல், கண்ணே தொறக்கல. பொழுது சாயுற நேரம் எந்திரிச்சு உக்காந்து, ‘ப்ரசன்ட் சார்’னான். அப்புறம் கையை நீட்டுனான். நான் பிடிக்கப் போனேன். அதுக்குள்ள... எதையோ பிடிச்ச மாதிரி இறுக்கி மூடிக்கிட்டான்.”

உள்ளே எட்டிப் பார்த்தேன்.

அவன் விழித்திருந்தான். கையை என்னிடம் நீட்டினான்.

“எந்திரிக்கணும். கையைக் குடு, அப்பு.”

என் இரண்டு கைகளையும் காற்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டேன்.

அவன் சிரித்தான்.

ப்ஸ்ஸ்க்.