அம்மன் படத்துக்குப் பின்னால் இருந்த மாத்திரைகள்

அக்காவின் காரியம் முடிந்து வீடு கழுவிய அன்று, சாமி அலமாரியில் மாரியம்மன் படத்துக்குப் பின்னாலிருந்து அந்த மாத்திரை அட்டையை எடுத்தேன். மேல் வரிசை மட்டும் காலி. மீதி மாத்திரைகள் விபூதி படிந்து அப்படியே இருந்தன. அது அங்கே இருப்பது எனக்கு முன்பே தெரியும். கையில் எடுத்துப் பார்க்கத்தான் தைரியம் வரவில்லை.

அக்கா என்றால் என் கணவரின் அண்ணன் மனைவி. இருவரும் ஒரே பனியன் கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து மெஷினில் தைத்தோம். அவருக்கு இரண்டும் பெண்பிள்ளைகள். இரண்டையும் வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். இன்னொன்று உண்டானால் பழைய தையல் தாங்காது, உயிருக்கே ஆபத்து என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு எங்கள் மாமியாரான அத்தை விடவில்லை, பேரன் வேண்டும் என்று பிடிவாதம். அதனால் அக்கா யாருக்கும் தெரியாமல் நர்ஸம்மாவிடம் கருத்தடை மாத்திரை வாங்கினார். மூத்த மருமகள், தினமும் விளக்கேற்றுகிறவர். ஒளித்து வைக்கவும், மறக்காமல் போடவும் அம்மன் படத்தைவிட நல்ல இடம் அவருக்குத் தெரியவில்லை.

முதல் சில நாட்கள் மெஷின் சத்தத்தை மீறிச் சிரித்துக்கொண்டிருந்தார். ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

பிறகு கணக்கில்லாமல் உதிரம் பட ஆரம்பித்தது. நாலு நாள் நிற்கும், மறுபடி வரும். எங்கள் வீட்டில் தூரமானவள் சாமி பக்கம் போகக்கூடாது. ஊருக்கெல்லாம் துணி தைத்துவிட்டு வந்த அதே கை, வீட்டில் விளக்கைத் தொடாது. அத்தை வாசலில் நின்றே கேட்பார்: "ஏங்கண்ணு, போன வாரந்தான தலைக்குத் தண்ணி வாத்த? உனக்குன்னு தனியா காலண்டரு அடிக்கோணுமாட்ட இருக்குது!" அந்த நாட்களிலெல்லாம் விளக்கேற்றியது நான்தான். பின்னால் என்ன இருக்கிறதென்று தெரியாமலே படத்துக்குப் பூ வைத்தேன்.

நாள் தள்ளிப்போன பிறகுதான் கம்பெனி பாத்ரூம் பக்கம் கூட்டிப்போய்ச் சொன்னார்.

"நடுவால பட்டாலும் நிறுத்தீராதீங்க, ஒடம்பு பழகீரும்னு நர்ஸம்மா சொன்னாங்க கண்ணு. ஆனா தீட்டோட சாமிகிட்டக் கையை நீட்ட எனக்கு மனசே வல்ல."

"எங்கிட்டச் சொல்லியிருந்தா எடுத்துக் குடுத்திருப்பனேங்க்கா."

"உம்பட ஊட்டுக்காரரு காதுக்குப் போனா, அப்பறம் அத்தை காதுக்குப் போவாதா?"

கலைத்துவிடலாம், இப்போதே வாருங்கள் என்று நர்ஸம்மா வீடு தேடி வந்து மன்றாடினார். "இது பையந்தான், சாமி குடுத்தது" என்று அத்தை குறுக்கே நின்றார். அக்காவின் கணவர் தன் அம்மா சொன்னபடியே நடந்தார். நான் ஒவ்வொரு செவ்வாயும் கோயிலைச் சுற்றினேன். ஏழாம் மாதம், மெஷினில் உட்கார்ந்திருந்தபோதே வலி வந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு உயிரும் போயின.

இன்று அக்காவின் பெண்கள் என்னைத்தான் அம்மா என்கிறார்கள். நானும் மாத்திரை போடுகிறேன். எனக்கும் நடுவில் படுகிறது. நர்ஸம்மா சொன்னதை நினைத்து நிறுத்தாமல் போடுகிறேன். அட்டையை வேறெங்கும் வைக்க மனம் வரவில்லை, அதே படத்துக்குப் பின்னால்தான் இருக்கிறது. தீட்டோடு கைவிட்டு எடுக்கும்போது விளக்கையே பார்ப்பேன். ஒன்றும் ஆவதில்லை. விளக்கு அணைவதில்லை. அம்மன் முகம் மாறுவதில்லை.

தாயே, தொட்டவளை விட்டுவிட்டாய். உனக்குப் பயந்து தொடாமல் இருந்தவளை ஏன் எடுத்துக்கொண்டாய்?